உஷார்! “என் மூஞ்சியைப் பார்” என்று அதட்டுவதற்கு முன்...

“கூப்பிடுறது காதுல விழலையா? என் மூஞ்சியைப் பாத்துப் பதில் சொல்லு!”

ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் இதைச் சொல்ல வாயெடுத்தால், தயவுசெய்து அப்படியே நிறுத்துங்கள். அம்மாவோ அப்பாவோ டீச்சரோ தெரபிஸ்ட்டோ, யாராக இருந்தாலும் சரி. அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்தபடி அதுவரை உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கலாம். முகத்தைப் பார்க்கச் சொன்ன பிறகுதான் கேட்பது நின்றுபோயிருக்கலாம்.

வகுப்பில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் பையனுக்குக் கவனமில்லை என்று எல்லாரும் முடிவுகட்டிவிடுகிறோம். கேட்ட கேள்விக்கு உடனே பதில் வராவிட்டால் அடம் என்கிறோம். இரண்டு காதையும் பொத்திக்கொண்டால் நடிப்பு என்கிறோம். அதன் பின்னால் வருவது அதட்டல், அடி, கடைசி பெஞ்ச், “டி.சி. வாங்கிக்கிட்டுப் போங்க” என்ற பேச்சு. பள்ளியில் பிள்ளையை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடை செய்துவிட்டது. இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் அந்தத் தடை அடிக்கடி மறந்துபோகிறது. பெற்றோர் மனம் ஒடிந்து நிற்கும் அந்த நேரம் பார்த்து இன்னொருவர் வந்து சேர்கிறார்: “பத்தே நாள், இந்த ஹெட்போனைப் போட்டா உங்க பையன் மூளை சரியாயிடும்.” இரண்டு ஆபத்துக்கும் வேர் ஒன்றுதான். கண் பார்ப்பதையும் காது கேட்பதையும் இந்தப் பிள்ளைகளின் மூளை எப்படிச் சேர்க்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை.

ஆற்றின் அக்கரையில் ஒருவர் கல்லில் துணி அடித்துத் துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் விழுந்து, அவர் கை மறுபடி மேலே போகும்போதுதான் ‘பொத்’ என்ற சத்தம் நம்மை வந்தடையும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும்; ஒளியோ கண்மூடித் திறப்பதற்குள் உலகையே சுற்றிவிடும். எதிரே உட்கார்ந்து பேசுபவரின் உதட்டசைவும் குரலும்கூட மூளைக்குள் ஒரே கணத்தில் போய்ச் சேர்வதில்லை. கண் வழி வருவதற்கு ஒரு வேகம், காது வழி வருவதற்கு ஒரு வேகம். “கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் இவை இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான்” என்று மூளை ஒரு சிறிய கால இடைவெளியை அனுமதித்து, அதற்குள் வருவதையெல்லாம் ஒன்றாக முடிந்துகொள்கிறது. அந்த இடைவெளி விநாடியில் ஒரு சிறு பங்குதான். குழந்தைகளுக்கு அது அகலமாக இருக்கும். வளர வளரக் குறுகிக் கூர்மையாகும்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் வாலஸ் என்ற நரம்பியலாளரின் குழு, 6 முதல் 18 வயது வரையான பிள்ளைகளிடம் இதை அளந்து பார்த்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் 32 பேர், இல்லாதவர்கள் 32 பேர். மின்னும் வெளிச்சமும் ‘பீப்’ ஒலியும் கொடுத்துப் பார்த்தார்கள். சுத்தியல் போன்ற கருவிகளின் காட்சியும் சத்தமும் கொடுத்தார்கள். ஒருவர் பேசும் முகமும் குரலும் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தனவா, முன்பின்னாக வந்தனவா என்று கேட்டார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் தெளிவாகப் பின்தங்கியது பேச்சில்தான். குரல் உதட்டை விட்டு வெகுவாக விலகிப் போனபோதும் இரண்டும் ஒன்றாக வருவதாகவே அவர்களுக்குப் பட்டது. முடிவுகள் 2014-இல் வெளியாயின. எந்தக் குரல் எந்த உதட்டசைவுக்கு உரியது என்று பொருத்த முடியாத இந்த நிலை, டப்பிங் ஒட்டாத வெளிநாட்டுப் படம் பார்ப்பதைப் போன்றது என்று அந்தக் குழுவினரே சொன்னார்கள்.

டப்பிங் ஒட்டாத படத்தை இரண்டு மணி நேரம் பார்த்தாலே நமக்குத் தலை வலிக்கிறது. பள்ளி நாள் முழுக்க அதையே பார்க்கும் பிள்ளை என்ன செய்யும்? படத்தை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் கேட்கும். அதாவது, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தத் திருப்பத்தைத்தான் நாம் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம்.

கண்ணும் காதும் எவ்வளவு நெருக்கமாகக் கூட்டுச் சேர்கின்றன என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்தில் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இருவர் 1976-இல் வெளியிட்டது. ஒலிநாடாவில் ‘பா’ என்ற குரல். திரையில் ‘கா’ என்று அசையும் உதடு. பார்த்துக்கொண்டே கேட்டவர்களில் பெரும்பாலோர் காதில் விழுந்ததோ ‘டா’. கண்ணை மூடினால் ‘பா’, திறந்தால் மறுபடியும் ‘டா’. உதடு சொன்னதையும் குரல் சொன்னதையும் மூளை கலந்து மூன்றாவதாக ஒன்றை உருவாக்கிவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இந்த மயக்கம் சராசரியாகக் குறைவாகவே ஏற்படுகிறது என்று அதன் பின் வந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவர்களுக்குக் குரலில் உள்ள ‘பா’ பெரும்பாலும் ‘பா’வாகவே கேட்கிறது. கேட்டதைக் கேட்டபடி சொல்வது நல்லதுதானே என்று தோன்றலாம். சோதனைக் கூடத்தில் நல்லதுதான், இரைச்சலில்தான் சிக்கல்.

இரைச்சல் கூடக்கூட, பேசுபவரின் முகத்தைப் பார்ப்பவருக்கே பேச்சு அதிகம் புரிகிறது என்று 1954-லேயே சம்பி, பொல்லாக் என்ற இருவர் அளந்து காட்டினார்கள். சந்தையிலும் கல்யாணப் பந்தியிலும் நாம் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள முடிவது இதனால்தான். காதில் விழாத பாதியை உதட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். அப்படி எடுக்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ஜான் ஃபாக்ஸ், சோஃபி மோல்ஹோம் குழுவினர் 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இரைச்சலின் நடுவே சின்னச் சின்னச் சொற்களைக் கொடுத்தார்கள். ஒரு முறை குரல் மட்டும், இன்னொரு முறை குரலோடு முகமும். ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்கு முகம் தெரிந்ததும் புரிதல் தாவி ஏறியது. ஆட்டிசம் உள்ள சிறு பிள்ளைகளுக்கு அந்த ஏற்றம் மிகக் குறைவு. முகம் இருந்தும் உதவவில்லை.

இதை உங்கள் வகுப்பறைக்குக் கொண்டுவந்து பாருங்கள். தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேன். பக்கத்து வகுப்பில் நாற்பது பேர் சேர்ந்து சொல்லும் வாய்ப்பாடு. வெளியே ஹார்ன். டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, பாதி திரும்பியபடி பேசுகிறார். மற்ற பிள்ளைகள் விட்டுப்போனதை டீச்சர் திரும்பும்போது உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறார்கள். இந்த ஒரு பிள்ளையால் அப்படி நிரப்ப முடியவில்லை. “கணக்கு நோட்டை எடுத்து 42-ஆம் பக்கத்துல மூணாவது கணக்கைப் போடு” என்பதில் அவனுக்குக் கிடைத்தது ‘நோட்டு’, ‘மூணு’. என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான். டீச்சர் அருகே வந்து, குரலை உயர்த்தி, வேகமாக, முகத்தை நிமிர்த்திப் பிடித்து மறுபடி சொல்கிறார். சத்தம் கூடியது, வேகம் கூடியது, பார்க்க வேண்டிய முகமும் வந்து சேர்ந்தது. மூன்றும் அவனுக்கு எதிரான பக்கத்திலேயே சேர்கின்றன.

கண்ணைப் பார்ப்பது பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பல தெரபி அறைகளில் இன்னமும் முதல் பாடமே ‘ஐ கான்டாக்ட்’தான். மிட்டாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, பார்த்தால்தான் தருவது. தாடையைப் பிடித்துத் திருப்புவது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நூஷின் ஹஜிகானியின் குழு 2017-இல் வெளியிட்ட மூளைப்படங்களைப் பார்த்த பிறகும் இதைத் தொடர்வது சரியென்று எனக்குப் படவில்லை. ஆட்டிசம் உள்ளவர்களை, திரையில் தெரியும் முகத்தில் கண்களை மட்டுமே பார்க்கும்படி கட்டுப்படுத்தியபோது, அச்சத்தோடும் எச்சரிக்கையோடும் தொடர்புள்ள மூளையின் உட்பகுதிகள் அளவுக்கு மீறி வேலை செய்தன. அலட்சியத்தால் அவர்கள் பார்வையை விலக்கவில்லை. கண்ணைப் பார்ப்பது பலருக்கு உண்மையிலேயே தாங்க முடியாததாக இருக்கிறது. தாங்க முடியாத ஒன்றைச் செய்துகொண்டே பாடத்தையும் கேள் என்கிறோம். வளர்ந்த பிறகு பேசவும் எழுதவும் முடிந்த ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் இதையேதான் சொல்லிவருகிறார்கள்: ஒன்று பார்க்கிறேன், அல்லது கேட்கிறேன், இரண்டையும் சேர்த்துக் கேட்காதீர்கள்.

இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. அதற்குள்ளேயே ஒரு பொறியும் உண்டு. ஃபாக்ஸ் குழுவின் சோதனையில், 13 வயதைத் தாண்டியவர்களிடம் அந்தப் பின்தங்கல் மறைந்திருந்தது. ஆட்டிசம் உள்ள பதின்வயதினரும் மற்றவர்களைப் போலவே முகத்தைப் பார்த்து இரைச்சலைச் சமாளித்தார்கள். அதாவது, கண்ணையும் காதையும் சேர்க்கும் திறன் இல்லாமல் போகவில்லை, தாமதமாக முதிர்கிறது. “ஏழு வயசுக்குள்ள சரிபண்ணலேன்னா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது” என்று பயமுறுத்தி உங்களிடம் முன்பணம் கேட்பவரின் பேச்சு இந்த இடத்திலேயே உடைகிறது.

பொறி இதுதான்: “வளர்ந்தா தானா சரியாயிடும்” என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவது. சோதனைக்கு வந்தவர்கள் சரளமாகப் பேசக்கூடிய, கேள்வி புரிந்து பதில் சொல்லக்கூடிய பிள்ளைகள். பேச்சு வராத பிள்ளைகளுக்கும் அதே கணக்கை அப்படியே போட்டுவிடக் கூடாது. தவிர, ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2007-இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஆட்டிசம் உள்ள பதின்வயதினரும் இரைச்சலில் உதட்டைப் பார்த்துப் பெறும் பயன் குறைவாகத்தான் இருந்தது. ஓரசைச் சொல்லைச் சோதனை அறையில் சரியாகப் பிடிப்பது வேறு. பதினொன்றாம் வகுப்பில் ஐந்து நண்பர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு பேசும்போது யார் எதைச் சொன்னார்கள் என்று பிடிப்பது வேறு. முடிகிறது என்பதற்காகக் களைப்பில்லை என்று ஆகாது. பள்ளியில் நாள் முழுக்க ‘நல்ல பிள்ளை’யாக இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்து கதவைச் சாத்திக்கொள்ளும் பதினாறு வயதுப் பெண்ணைப் பற்றித்தான் பேசுகிறேன். அவளிடம் அந்த நேரத்தில் “ஸ்கூல்ல என்ன நடந்துச்சு, சொல்லுடி” என்று பின்னாலேயே போகாதீர்கள். ஒரு மணி நேரம் விடுங்கள்.

எல்லாச் சத்தமும் இந்தக் கணக்கில் வராது. இரண்டைச் சேர்ப்பதில் உள்ள தாமதம் ஒன்று. சத்தமே தாங்காமல் போவது இன்னொன்று. பல பிள்ளைகளுக்கு இரண்டும் இருக்கும். 1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை மருத்துவ இதழில் விவரித்தபோதே, வேக்வம் கிளீனருக்கும் லிஃப்ட்டுக்கும் காற்றுச் சத்தத்துக்கும்கூட நடுங்கிய பிள்ளைகளைப் பற்றி எழுதினார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில், டி.எஸ்.எம்.-5 என்று சொல்வார்களே, அதில் புலன்கள் அதிகமாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்ந்தது 2013-இல்தான். 70 வருடம். அந்த 70 வருடமும் காதைப் பொத்திய பிள்ளைகள் வாங்கிய திட்டை யார் கணக்கெடுப்பது?

அதனால் கல்யாண மண்டபத்தில் செண்டை மேளத்துக்கும் டி.ஜே. பெட்டிக்கும் முன்னால் பிள்ளையை உட்கார வைத்து “பழகிக்கட்டும்” என்று சொல்லாதீர்கள். சத்தம், சுழலும் கலர் லைட், கூட்டம், நெருங்கி வந்து கன்னத்தைக் கிள்ளும் சொந்தக்காரர்கள், எல்லாம் ஒன்றாகக் கொட்டும்போது பிள்ளை ஓடும், அலறும், தன் தலையிலேயே அடித்துக்கொள்ளும். அது அடமும் அல்ல, வளர்ப்புக் கோளாறும் அல்ல. முகூர்த்தத்துக்கு மட்டும் கூட்டிப்போங்கள். ஸ்பீக்கருக்கு எதிர்க் கோடியில் வாசல் பக்கமாக உட்காருங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் தீபாவளிப் பட்டாசுக்கு 2018 முதல் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் உண்டு. நடப்பில் அந்த நேரத்துக்குள் நிற்பதில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் அந்த இரண்டு மணி நேரமும் பிள்ளை இருக்கும் அறையில் ஜன்னலைச் சாத்தி, பிடித்த பாட்டைப் போட்டு, கூடவே ஒருவர் இருக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடியும். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை தெருவில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. கோயில் கமிட்டிக்காரரிடமோ மண்டபத்துக்காரரிடமோ நீங்கள் கேட்பது சலுகை இல்லை, சட்டத்தில் உள்ளது.

இப்போது ஹெட்போன் விற்பவரிடம் வருகிறேன். அந்த வியாபாரத்துக்குப் பழைய வரலாறு உண்டு. ஃபிரான்ஸில் கை பெரார் என்ற மருத்துவர் உருவாக்கிய ‘ஆடிட்டரி இன்டக்ரேஷன் ட்ரெய்னிங்’ 1990-களில் அமெரிக்காவில் பெரிய அலையாக எழுந்தது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, அரை மணி நேரம், பத்து நாள். கருவி வழியாக வடிகட்டி மாற்றிய இசையைக் கேட்க வைப்பார்கள். மகளின் ஆட்டிசம் அதனால் போய்விட்டது என்று ஒரு தாய் எழுதிய புத்தகம் 1991-இல் வந்த பிறகு பெற்றோர் வரிசையில் நின்றார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1998-லேயே எச்சரித்தது: இதற்குப் போதிய ஆதாரமில்லை. மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2011-இல் மறுபடி பார்த்தது. ஒலி சார்ந்த இத்தகைய சிகிச்சைகள் பற்றி முறையாக நடந்த சோதனைகள் ஏழு. பங்கேற்றவர்கள் மொத்தம் 182 பேர். சிகிச்சையைப் பரிந்துரைக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் தேறவில்லை.

அந்த வியாபாரம் சாகவில்லை, பெயரைத்தான் மாற்றிக்கொண்டது. ‘பிரெய்ன் சிங்க்’, ‘சவுண்ட் தெரபி’, ‘கலர் கண்ணாடி’ என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு புதுப் பலகை. உள்ளே போனதும் கணினித் திரையில் சிவப்பும் பச்சையுமாக மூளைப் படம் காட்டி, “பாருங்க, இங்க கனெக்‌ஷன் இல்லை” என்பார்கள். பயந்துவிடாதீர்கள். கண்ணும் காதும் சேரும் நேரத்தை அளப்பது ஆராய்ச்சிக் கூடத்தில் நடக்கும் வேலை. ஒரு பிள்ளையின் சிகிச்சையைத் தீர்மானிக்கும் வழக்கமான மருத்துவப் பரிசோதனையாக அது இன்னும் ஆகவில்லை. அப்படி ஒரு டெஸ்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் எழுந்து வெளியே வாருங்கள். ‘முழு குணம்’ என்றாலோ, பத்து நாள் என்று கெடு சொன்னாலோ, மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டச் சொன்னாலோ, பிள்ளையோடு அறைக்குள் உங்களை விட மறுத்தாலோ அதையே செய்யுங்கள்.

இதைவிடக் கொடிய கடையும் திறந்திருக்கிறது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி போடுவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது, அப்படி விளம்பரம் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. உடம்பிலிருந்து உலோகத்தை இறக்குகிறேன் என்று நரம்பு வழியாக மருந்து ஏற்றியதில் 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் இறந்தே போனான். நகையை விற்றும் வீட்டை அடகு வைத்தும் இந்த வாசல்களில் நிற்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளைக்காகத்தானே நிற்கிறார்கள். அவர்களை அங்கே நிறுத்தி வைப்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பீச் தெரபி எல்லாவற்றையும் இதோடு சேர்த்து ஒதுக்கிவிடாதீர்கள். பயிற்சி பெற்றவர் செய்தால் பல பிள்ளைகளுக்கு அவை உதவுகின்றன. ‘சென்ஸரி இன்டக்ரேஷன்’ முறை பற்றி 2012-இல் அதே குழந்தை மருத்துவர் கழகம் சொன்னது நியாயமான வழி: ஆதாரம் குறைவு, ஒரு பகுதியாகச் செய்து பார்க்கலாம், இலக்கையும் காலத்தையும் முதலிலேயே குறித்துக்கொண்டு, முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊஞ்சலில் ஆட்டினோம், பந்தில் உருட்டினோம் என்று வருடக்கணக்கில் ஃபீஸ் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: “மூணு மாசத்துல இவன் எதைச் செய்யணும்னு எதிர்பார்க்கிறீங்க, மேடம்?” பதில் தெளிவாக வர வேண்டும்.

இன்னொரு ஆபத்து நம் சாலையில். சத்தம் தாங்காத பிள்ளைக்கு இரைச்சலைத் தடுக்கும் ஹெட்போன் பெரிய ஆறுதல்; வாங்கிக் கொடுங்கள். ஆனால் அதை மாட்டியபடி சாலையைக் கடக்க விடாதீர்கள். நம் ஊரில் வண்டி வருவதைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் சொல்கிறது. இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு ஹார்ன் எந்தப் பக்கத்து வண்டியுடையது என்று ஒட்டிப் பார்ப்பதே கடினம். ஹெட்போன் போட்டால் அந்த அரைகுறைத் துப்பும் போய்விடும். கடக்கும் இடத்தில் கழற்றச் சொல்லி, நின்று, இரு பக்கமும் கண்ணால் பார்க்கப் பழக்குங்கள். தினமும் ஒரே இடத்தில் கடக்கச் செய்யுங்கள். வயது பதினைந்து ஆகிவிட்டது, உயரமாக வளர்ந்துவிட்டான் என்பதற்காகக் கையை விட்டுவிடாதீர்கள்.

ஓடிப்போவது அதைவிடப் பயங்கரம். அமெரிக்காவில் 2012-இல் வெளியான பெரிய கருத்துக்கணிப்பில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் 49 சதவீதம் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது பாதுகாப்பான இடத்தைவிட்டு வெளியேற முயன்றிருந்தார்கள். பெற்றோர் சொன்ன காரணங்களில் தாங்க முடியாத சத்தத்திலிருந்தும் காட்சியிலிருந்தும் தப்பிப்பதும் ஒன்று. அப்படி ஓடுபவர்களுக்குச் சாலையும் தண்ணீரும்தான் பெரிய எமன்கள். வீட்டருகே கிணறு, ஏரி, மூடாத தொட்டி எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். சட்டைப் பையிலோ கையில் கட்டும் பட்டையிலோ உங்கள் போன் நம்பர் இருக்கட்டும்.

ஓடிய பிள்ளையைக் கண்டுபிடிப்பவர் காக்கிச் சட்டை போட்டவராக இருந்தால்? 2016 ஜூலையில் ஃபுளோரிடாவின் வடக்கு மயாமியில், ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவர் பொம்மை லாரியைக் கையில் வைத்தபடி நடுச் சாலையில் உட்கார்ந்திருந்தார். பொம்மையைத் துப்பாக்கி என்று நினைத்துப் போலீஸ்காரர் சுட்டார். குண்டு பாய்ந்தது, கையை உயர்த்தியபடி அருகில் படுத்திருந்த பராமரிப்பாளர்மேல். நம் ஊரில் துப்பாக்கி எடுக்காமல் இருக்கலாம். ஆனால் சைரன், சுழலும் சிவப்பு விளக்கு, நாலு பேர் ஒரே நேரத்தில் “பேர் என்னடா, ஊர் எதுடா” என்று அதட்டுவது, இதில் எதற்கும் பதில் சொல்லாமல் கையை உதறிக்கொண்டு நிற்கும் பதினேழு வயதுப் பையன். ‘போதை’ என்று முடிவுகட்ட எவ்வளவு நேரம் ஆகும்? உங்கள் பகுதி காவல் நிலையத்துக்கு ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல் எப்போதும் அவன் பையில் இருக்கட்டும். ஆட்டிசம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. அந்த அட்டையைக் கேட்டுப் பெறக் கூச்சப்பட வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம்? முதலில், கண், காது இரண்டில் ஒரு வாசலை மட்டும் திறவுங்கள். பேச வேண்டுமானால் டி.வி.யை அணையுங்கள், மிக்ஸி ஓடும்போது பேசாதீர்கள். அவன் எங்கே பார்த்தாலும் பார்க்கட்டும். பெயரைச் சொல்லுங்கள், ஒரு சின்ன வாக்கியம் சொல்லுங்கள், அப்புறம் வாயை மூடிக் காத்திருங்கள். பதில் வர நேரம் எடுக்கும். இடையில் இரண்டாவது தடவை சொன்னால் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். காட்ட வேண்டுமானால் பேசாமல் காட்டுங்கள். ஷூ லேஸ் கட்டிக் காட்டும்போது வர்ணனை வேண்டாம். படிக்கத் தெரிந்தால் எழுதிக் கொடுங்கள், எழுத்து ஓடிப்போகாது. டப்பிங் கார்ட்டூனில் பேச்சுப் பழக வைப்பதைவிட, நேரே பேசும் ஒருவரின் வீடியோ மேல் என்பது என் எண்ணம். ப்ளூடூத் ஸ்பீக்கரில் குரல் உதட்டுக்குப் பின்னால் இழுபடுவதையும் கவனியுங்கள், போனின் சொந்த ஸ்பீக்கரே போதும்.

பள்ளியில் கேட்க வேண்டியவை: ஃபேனுக்கும் வாசலுக்கும் தள்ளி முன்வரிசையில் இடம். டீச்சர் வகுப்பைப் பார்த்துப் பேசிவிட்டு, பிறகு எழுதுவது. வீட்டுப்பாடம் வாயால் மட்டும் சொல்லாமல் டைரியிலும் இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் முகம் பார்க்கவில்லை என்று மதிப்பெண் குறைக்கக் கூடாது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும், தனி அறையும் கேட்க வேண்டுமானால் தேர்வு மாதத்தில் ஓடாதீர்கள். பள்ளி திறந்த உடனேயே சான்றிதழோடு விண்ணப்பியுங்கள்.

சந்தேகத்தோடு இதைப் படித்துக்கொண்டிருக்கும் இளம் பெற்றோருக்கு ஒன்று. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு ஆட்டிசம் என்று நீங்களாகவே முடிவுகட்டிவிடாதீர்கள். “அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று பாட்டி சொல்வதைக் கேட்டுத் தள்ளியும் போடாதீர்கள். முதல் வேலை, காது கேட்கிறதா என்று பார்ப்பது. ஓ.ஏ.இ., பெரா என்ற இரண்டு டெஸ்ட்டும் வலிக்காது, பெரா எடுக்கும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் போதும். மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பநிலைச் சேவை மையம் எங்கே என்று கேளுங்கள், கட்டணம் இல்லை. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. போகும்போது குழந்தை எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறது, எதற்குத் திரும்புவதில்லை, எந்த நேரத்தில் காதைப் பொத்துகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்த தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விகள் பெரும்பாலும் அவையாகத்தான் இருக்கும்.